மில்லிமீட்டர் மயக்கம்

பறவைப் படம் எடுக்கும் ஆசையோடு கேமரா கடைக்குள் நுழைகிறவர் கேட்கும் முதல் கேள்வி, “எத்தனை எம்எம் இருக்கு?” என்பதுதான். கடைக்காரரும் அதே கணக்கில் பதில் சொல்வார்: இது 400, இது 600, இன்னும் கொஞ்சம் பணம் போட்டால் 800. எண் கூடினால் பறவை பெரிதாகத் தெரியும், அதில் சந்தேகமில்லை. ஆனால் பறவை பெரிதாகத் தெரிவது வேறு, படம் நன்றாக வருவது வேறு. கடையில் யாரும் விசாரிக்காத இன்னோர் எண் லென்ஸின் முன்வளையத்தில் இருக்கிறது. ஃபில்டர் அளவு என்று போட்டிருக்கும் அந்த எண், முன்கண்ணாடியின் விட்டத்தை ஏறக்குறையச் சொல்லிவிடும். என்னைக் கேட்டால் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

மில்லிமீட்டர் என்ன செய்கிறது என்பதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. பறவையின் நீளத்தை லென்ஸின் குவியத் தூரத்தால், அதாவது கடைக்காரர் சொல்லும் அந்த எம்எம் எண்ணால் பெருக்கி, பறவை இருக்கும் தொலைவால் வகுத்தால் சென்சாரில் விழும் பிம்பத்தின் நீளம் கிடைக்கும். சிறால் மீன்கொத்தி அலகு முதல் வால் வரை 16 செ.மீ. இருக்கும். அது 20 மீட்டர் தள்ளி ஒரு கிளையில் உட்கார்ந்திருந்தால், 400 மி.மீ. லென்ஸில் அதன் பிம்பம் 3.2 மி.மீ.; 600-இல் 4.8 மி.மீ. ஃபுல் ஃப்ரேம் சென்சாரின் அகலம் 36 மி.மீ. ஆக, 600 மி.மீ. லென்ஸ் போட்டும் மீன்கொத்தி படத்தின் அகலத்தில் ஏழில் ஒரு பங்கைக்கூட நிரப்பாது. இதைப் பார்த்ததும் கை தானாக 800 பக்கம் போகும். அதில் பிம்பம் 6.4 மி.மீ. ஆகும். அதே 600-ஐ வைத்துக்கொண்டு ஐந்து மீட்டர் முன்னே போனாலும் 6.4 மி.மீ. தான். ஐந்து மீட்டர் என்பது ஏழெட்டு அடிவைப்பு.

இனி முன்கண்ணாடிக்கு வருவோம். குவியத் தூரத்தை எஃப் எண்ணால் வகுத்தால், ஒளி நுழையும் துளையின் விட்டம் கிடைக்கும்; முன்கண்ணாடி குறைந்தது அந்த அளவாவது இருக்க வேண்டும். சோனி 200-600, நிக்கான் 180-600 ஆகிய இரண்டும் 600 முனையில் எஃப் 6.3. துளை சுமார் 95 மி.மீ. கேனன் 100-500, 500 முனையில் எஃப் 7.1, துளை 70 மி.மீ. அதே நிறுவனத்தின் 200-800, 800 முனையில் எஃப் 9; துளை 89 மி.மீ. பத்து லட்ச ரூபாயைத் தாண்டும் 600 மி.மீ. எஃப் 4 லென்ஸில் துளை 150 மி.மீ. இந்த நான்கு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீரும். ஒரே பறவை, ஒரே தொலைவு, ஒரே ஷட்டர் வேகம் என்றால், அந்தப் பறவையின் உடம்பிலிருந்து எவ்வளவு ஒளி கேமராவுக்குள் வருகிறது என்பதைத் தீர்மானிப்பது துளையின் பரப்பு மட்டுமே. குவியத் தூரத்துக்கு அதில் பங்கில்லை.

ஒளியின் அளவைப் பற்றி ஏன் இவ்வளவு கவலை? விடிகாலைப் படங்களில் மணல் தூவியது போல் புள்ளி புள்ளியாகத் தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். உயர் ஐஎஸ்ஓ தான் அதற்குக் காரணம் என்று பொதுவாகச் சொல்வார்கள். உண்மையில் பெரும்பாலும் காரணம் ஒளியின் பற்றாக்குறை. ஒளி துகள் துகளாக வருகிறது. அது வரும் ஒழுங்கில் ஏற்ற இறக்கம் உண்டு. ஒரு பிக்சலில் சராசரியாக 100 துகள் விழ வேண்டிய நேரத்தில் 90-ம் விழலாம், 110-ம் விழலாம். பத்து சதவீத வேறுபாடு, கண்ணுக்கு நன்றாகத் தெரியும். 10,000 துகள் விழும் இடத்தில் ஏற்ற இறக்கம் 100 தான், அதாவது ஒரு சதவீதம், யாருக்கும் தெரியாது. ஐஎஸ்ஓ என்பது வந்த ஒளியை எவ்வளவு பெருக்கிக் காட்டுவது என்ற அளவு. வராத ஒளியை அது கொண்டுவராது.

எஃப் 9 என்றதும் முகம் சுளிக்கிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்கலாம். 800 மி.மீ. எஃப் 9 லென்ஸில் ஐஎஸ்ஓ எண், 600 எஃப் 6.3-ஐப் போல் இரு மடங்கு ஆகும். ஆனால் பறவையும் ஏறக்குறைய 1.8 மடங்கு அதிகமான பிக்சல்களில் பரவியிருக்கும். 600-இல் எடுத்த படத்தை வெட்டிப் பெரிதாக்கி இரண்டையும் ஒரே அளவில் பார்த்தால், புள்ளிகளில் பெரிய வித்தியாசம் இருக்காது. துளை 89-க்கும் 95-க்கும் உள்ள தூரம் அவ்வளவுதான். இதே கணக்கில் 500 எஃப் 7.1 லென்ஸோடு ஒப்பிட்டால் 600 எஃப் 6.3 லென்ஸ் பறவையிலிருந்து 1.8 மடங்கு ஒளியை வாங்குகிறது. எடையில் சுமார் 600 கிராம் கூடுதலாகச் சுமப்பதற்குக் கிடைக்கும் கூலி அது. 150 மி.மீ. துளை கொண்ட பெரிய லென்ஸோ அதைப் போல் மேலும் இரண்டரை மடங்கு வாங்கும். சோலைக்காட்டின் இருட்டில் இருவாச்சிக்காகக் காத்திருப்பவர் அந்த இரண்டரை மடங்குக்காகத்தான் லட்சங்களைக் கொடுக்கிறார். பின்னணி கரைந்து போவது கூடுதல் பரிசு.

துளை இன்னொன்றையும் தீர்மானிக்கிறது: நுணுக்கம். ஒளி அலையாகவும் நடந்துகொள்வதால் எவ்வளவு சிறந்த லென்ஸும் ஒரு புள்ளியைப் புள்ளியாகவே வரைந்துவிட முடியாது; சிறு வட்டமாகத்தான் வரையும். துளை அகலமானால் அந்த வட்டம் சிறுக்கும். ஒரு டிகிரிக் கோணத்தை 3,600 கூறாக்கினால், 95 மி.மீ. துளையால் ஏறக்குறைய ஒன்றரைக் கூறு வரை பிரித்துக் காட்ட முடியும். மனிதக் கண்ணுக்குச் சுமார் 60 கூறு வேண்டும். 20 மீட்டர் தொலைவில் இருக்கும் மீன்கொத்தியின் மேல் நம் கண்ணால் 6 மி.மீ. அளவுக்குக் கீழ் எதையும் பிரித்தறிய முடியாது. இந்த லென்ஸுக்கு 0.14 மி.மீ. போதும், இறகின் இழைகளையே எண்ணலாம். 45 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேம் கேமராவின் ஒரு பிக்சல், 600 மி.மீ. குவியத் தூரத்தில் பார்ப்பதும் கிட்டத்தட்ட இதே ஒன்றரைக் கூறுதான். லென்ஸும் சென்சாரும் ஒன்றுக்கொன்று பொருந்தி வரும் எல்லை இது. இதைத் தாண்டி உருப்பெருக்கிக்கொண்டே போனால், பறவை பெரிதாகும் அளவுக்குப் புதிய நுணுக்கம் கிடைக்காது.

டெலிகன்வெர்ட்டர் மீது எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லாததற்கும் இதுவே காரணம். 1.4 மடங்குக் கன்வெர்ட்டரைச் செருகினால் 600 எஃப் 6.3 என்பது 840 எஃப் 9 ஆகும்; 2 மடங்கைச் செருகினால் 1,200 எஃப் 13. முன்கண்ணாடி வளரவில்லையே! அதே ஒளி, அதே நுணுக்கம், கூடவே லென்ஸில் உள்ள குறைகளும் பெரிதாகும். அகன்ற துளை உள்ள எஃப் 4 லென்ஸ்களுக்கு அது நல்ல துணை. எஃப் 6.3-இல் முடியும் ஜூம் வைத்திருப்பவர் அந்தப் பணத்தைப் பயணச் செலவுக்கு வைத்துக்கொள்ளலாம்.

“ஏபிஎஸ்-சி கேமராவில் போட்டால் 600 லென்ஸ் 900 ஆகிவிடும்” என்பதும் கடைப்பேச்சுதான். சென்சார் சிறியதானால் படத்தின் ஓரங்கள் வெட்டுப்படும், அவ்வளவே. நம் மீன்கொத்தியின் பிம்பம் அங்கேயும் 4.8 மி.மீ. தான். அந்த 4.8 மி.மீட்டருக்குள் எத்தனை பிக்சல் அடங்குகிறது என்பதைத்தான் கேட்க வேண்டும். 24 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேமில் 800 பிக்சல். அதே 24 மெகாபிக்சலை ஏபிஎஸ்-சி சென்சாரில் நெருக்கி வைத்தால் சுமார் 1,230. 45 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேமில் 1,100. கையில் பழைய ஏபிஎஸ்-சி கேமரா வைத்திருப்பவர் அதை விற்றுவிட்டு 24 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேம் வாங்கினால், பறவையின் மேல் விழும் பிக்சல்களை இழப்பார்.

600 மி.மீ. லென்ஸ் ஏன் 600 மி.மீ. நீளம் இல்லை என்று சிலர் கேட்பதுண்டு. சோனி 200-600 லென்ஸின் நீளம் 318 மி.மீ. தான். முன்னால் ஒளியைக் குவிக்கும் கண்ணாடித் தொகுதி, பின்னால் அதைச் சற்றே விரிக்கும் தொகுதி என்று அமைத்தால் குவியத் தூரத்தைவிட லென்ஸ் குட்டையாகும். 1891-இல் லண்டனில் தாமஸ் டால்மெயர் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. டெலிஃபோட்டோ என்பது முறைப்படி இந்த அமைப்பின் பெயர். குவியத் தூரம் நீள நீள இன்னொரு தொல்லை தலைகாட்டும். சாதாரணக் கண்ணாடி நீலத்தையும் சிவப்பையும் ஒரே இடத்தில் குவிக்காது. கொக்கின் வெள்ளைச் சிறகு ஓரத்தில் ஊதாக் கோடு படிவது அதனால்தான். ஃப்ளோரைட் படிகம் இதை வெகுவாகக் குறைக்கும். கேனன் 1969-இல் செயற்கை ஃப்ளோரைட் வைத்த 300 மி.மீ. லென்ஸை வெளியிட்டது. இன்று ஜூம் லென்ஸ்களில் பெரும்பாலும் அதற்கு நெருக்கமான குணமுள்ள சிறப்புக் கண்ணாடிகள் இருக்கின்றன. ஐந்து வருடம் பழைய லென்ஸைக்கூட இந்த விஷயத்தில் தைரியமாக வாங்கலாம்.

ஆட்டோஃபோகஸில் மட்டும் கேமராவும் சேர்ந்துகொள்கிறது. கண்ணாடி மடக்கும் பழைய டிஎஸ்எல்ஆர் கேமராக்களின் ஃபோகஸ் உணரிகளில் பல, எஃப் 5.6 அளவுக்காவது ஒளிக்கூம்பு அகலமாக வந்தால்தான் ஒழுங்காக வேலை செய்யும். 2015-இல் வந்த நிக்கான் 200-500 லென்ஸ் எஃப் 5.6-ஐ விட்டுக்கொடுக்காமல் இருந்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்க வேண்டும். மிர்ரர்லெஸ் கேமராவில் சென்சாரே ஃபோகஸ் பார்ப்பதால் எஃப் 9, எஃப் 11 எல்லாம் தடையில்லை. பறவையின் கண்ணைத் தேடிப் பிடிக்கும் வசதியும் கூடவே வந்துவிட்டது. 600 மி.மீ. எஃப் 6.3-இல் 10 மீட்டர் தள்ளி இருக்கும் பறவையை எடுத்தால் தெளிவாக இருக்கும் ஆழம் மொத்தமே 10 செ.மீ. தான் என்பதை நினைத்தால், கண்ணைப் பிடிக்கும் கேமராவின் அருமை புரியும். நல்ல லென்ஸைப் பழைய கேமராவில் போட்டுவிட்டு லென்ஸைத் திட்டுகிறவர்கள் நிறையப் பேர்.

அடுத்தது அசைவு. அசைவு இரண்டு வகை: நம் கையசைவு, பறவையின் அசைவு. முதலாவதை அடக்க லென்ஸுக்குள்ளேயே நடுக்கம் தணிக்கும் ஏற்பாடு உண்டு. எஸ்எல்ஆர் லென்ஸ்களில் அது முதலில் வந்தது 1995-இல், கேனன் 75-300-இல். இப்போது ஐந்து ஸ்டாப், ஐந்தரை ஸ்டாப் என்று விளம்பரம் செய்கிறார்கள். ஐந்து ஸ்டாப் என்றால் 32 மடங்கு மெதுவான ஷட்டர் வேகம். அசையாமல் நிற்கும் நாரைக்கு அது அற்புதம். பறக்கும் பறவைக்கு அதனால் பயனில்லை. நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் 20 மீட்டர் தள்ளிக் குறுக்கே பறக்கும் ஒரு கொக்கு, 1/1000 நொடியில் ஒரு செ.மீ. நகர்ந்துவிடும். அது 600 மி.மீ. லென்ஸில், 45 மெகாபிக்சல் சென்சாரில் 70 பிக்சல் அளவு இழுப்பு. பறவையோடு சேர்த்து லென்ஸைத் திருப்பினால் உடம்பு தப்பிக்கும். இறக்கை நுனிக்கு 1/2500, 1/3200 என்று போயே தீர வேண்டும். அவ்வளவு குறைந்த நேரத்துக்குள் போதுமான ஒளி வேண்டுமானால் மறுபடியும் துளையிடம்தான் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

சரி, துளைதான் முக்கியம் என்றால் ஜூம் எதற்கு? நிலையான குவியத் தூரமுள்ள லென்ஸே எடை குறைவாக, இன்னும் கூர்மையாகக் கிடைக்குமே? கிடைக்கும். ஆனால் 600 மி.மீ. லென்ஸ் பார்க்கும் அகலம் மூன்றரை டிகிரிக்கும் குறைவு. வானில் ஏழு முழு நிலவை வரிசையாக அடுக்கினால் அடைந்துவிடும் அகலம். அதற்குள் தலைக்கு மேல் பறக்கும் பஞ்சுருட்டானைக் கொண்டுவருவது பழகினவர்களுக்கே சிரமம். 200-இல் வைத்தால் பத்து டிகிரி கிடைக்கும். பறவையை அங்கே பிடித்து, அப்படியே 600 வரை திருகிக்கொள்ளலாம். விலங்குகளுக்கு ஜூம் இன்னும் தேவை. வால்பாறையில் புதுத்தோட்டம் பக்கம் சோலைமந்திகள் சாலையோரத்துக்கே வந்துவிடும். அங்கே 600 மட்டும் வைத்திருப்பவருக்குக் குரங்கின் மூக்குதான் மிஞ்சும்.

ஜூம் திருகும்போது லென்ஸ் நீள்கிறதா, உள்ளுக்குள்ளேயே நகர்கிறதா என்பதைக் கடையில் பாருங்கள். சோனி 200-600-ம் நிக்கான் 180-600-ம் நீளாதவை. முக்காலியில் வைத்தபின் எடைச் சமநிலை மாறாது, தூசியும் குறைவாக உள்ளே போகும். கேனன் 100-500 நீளும். ஆனால் மடக்கினால் சாதாரணத் தோள்பைக்குள் அடங்கிவிடும். பேருந்தில் போய் இறங்கிப் படம் எடுப்பவருக்கு அது சின்ன விஷயமில்லை. மிகக் குறைந்த ஃபோகஸ் தொலைவையும் பாருங்கள். கேனன் 100-500, 500 முனையில் 1.2 மீட்டர் வரை நெருங்கி ஃபோகஸ் செய்யும். தட்டான், வண்ணத்துப்பூச்சிக்கும் தனி லென்ஸ் வேண்டாம். சோனிக்கு 2.4 மீட்டர் தேவை. முன்கண்ணாடியைக் காக்க என்று கடையில் தலையில் கட்டும் மலிவு விலை ஃபில்டரை மட்டும் வாங்காதீர்கள். இவ்வளவு உருப்பெருக்கத்தில் அதன் மட்டமான பரப்பு படத்தையே மங்கலாக்கிவிடும். பாதுகாப்புக்கு ஹூட் போதும்.

எந்த லென்ஸாலும் வெல்ல முடியாத ஒன்று காற்று. காற்றின் ஒளிவிலகல் எண் வெற்றிடத்தைவிடப் பத்தாயிரத்தில் மூன்று பங்குதான் அதிகம். ஒரு டிகிரி வெப்பம் மாறினால் அதில் மாறுவது பத்து லட்சத்தில் ஒரு பங்கு. கேட்கும்போது ஒன்றுமில்லாதது போல் இருக்கும். ஆனால் ஒரு டிகிரியில் 3,600-இல் ஒரு கூறைப் பிரிக்கும் கருவிக்கு இது மலை. வெயில் ஏறியதும் தரையை ஒட்டிய காற்று சூடாகிச் சிறு சிறு குமிழ்களாக மேலெழும். ஒவ்வொரு குமிழும் ஒரு மட்டமான லென்ஸ்தான். பழவேற்காட்டிலோ கோடியக்கரையிலோ சேற்றுப் பரப்புக்கு அப்பால் நிற்கும் பூநாரைகளை நடுப்பகலில் எடுத்துப் பாருங்கள். 600-ம் 800-ம் ஒரே மாதிரி நெளிந்த கால்களைத்தான் கொடுக்கும். படம் மங்கலாக வந்ததும் லென்ஸ் பழுது என்று சர்வீஸ் சென்டருக்கு அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். காலை எட்டு மணிக்குள் அதே இடத்தில் அதே லென்ஸ் இழை பிரித்துக் காட்டும். ஏசி ஓடும் காரின் ஜன்னலைத் திறந்த உடனேயும் எடுக்காதீர்கள். உள்காற்றும் வெளிக்காற்றும் கலக்கும் இடம் லென்ஸின் வாசலிலேயே இருக்கும். காரின் பானெட்டுக்கு மேலாக எடுப்பதும் அப்படித்தான். குவியத் தூரத்தைக் கூட்டினால் காற்றின் நெளிவும் சேர்ந்து பெரிதாகும். தொலைவைக் குறைத்தால் நடுவில் இருக்கும் காற்றே குறையும்.

தொலைவைக் குறைப்பது என்றால் பறவையை நோக்கி நேராக நடப்பது அல்ல. ஒவ்வொரு பறவைக்கும் ஓர் எல்லை உண்டு. அதைத் தாண்டினால் எழுந்து பறந்துவிடும். குனிந்து, சாய்வாக, நின்று நின்று நகர்ந்தால் எல்லை சுருங்கும். மறைவாக உட்கார்ந்து பறவை வருவதற்குக் காத்திருந்தால் இன்னும் சுருங்கும். நிறுத்திய காருக்குள் இருந்தபடி எடுத்தால் பனங்காடை மின்கம்பியில் அப்படியே உட்கார்ந்திருக்கும். தமிழில் இயற்கையைப் பற்றி எழுதியவர்களில் முன்னோடியான மா. கிருஷ்ணன் (1912–1996), வெவ்வேறு பாகங்களை இணைத்துத் தானே உருவாக்கிக்கொண்ட கனமான கேமராவைத் தூக்கிக்கொண்டு யானைகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தார். அதற்கு ‘சூப்பர் பாண்டெரோசா’ என்று கேலிப் பெயரும் வைத்திருந்தார். ஆட்டோஃபோகஸ் இல்லை, நடுக்கம் தணிக்கும் ஏற்பாடு இல்லை. விலங்கு அடுத்து என்ன செய்யும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

இடமும் லென்ஸைத் தீர்மானிக்கும். வேடந்தாங்கலில் பறவைகள் ஏரிக்குள் நிற்கும் மரங்களில் கூடு கட்டுகின்றன, நாம் நிற்பது கரையில். அங்கே 600-ம் போதவில்லை என்றுதான் தோன்றும். திருநெல்வேலிப் பக்கம் கூந்தன்குளத்தில் ஊருக்குள் வீட்டு மரங்களிலேயே நாரைகள் கூடு கட்டும். அங்கே 200-ஏ போதும். கூடு இருக்கும் இடத்தில் நெருக்கத்துக்கு ஆசைப்படக் கூடாது. தாய் எழுந்து போனால் வெயிலில் முட்டையும் குஞ்சும் வேகும், காகமும் பருந்தும் காத்திருக்கும். குரல் பதிவைப் போட்டுப் பறவையைக் கூப்பிடுவதும், கூட்டின் முன் கிளையை ஒடித்து வழி செய்வதும் படத்துக்காகச் செய்யும் அக்கிரமங்கள்.

புதிதாக வாங்கப் போகிறவருக்கு என் பரிந்துரை இது. மிர்ரர்லெஸ் வைத்திருந்தால், உங்கள் கேமராவுக்குப் பொருந்தும் 95 மி.மீ. துளையுள்ள 600 வரை போகும் ஜூம் ஒன்றை வாங்குங்கள்; இன்றைய விலையில் ரூபாய்க்கு அதிக ஒளி தருவது அந்த வகைதான். டிஎஸ்எல்ஆர் வைத்திருந்தால் நிக்கான் 200-500-ஐயோ, சிக்மா, டாம்ரான் நிறுவனங்களின் 150-600-ஐயோ பழையதாகத் தேடுங்கள். முன்கண்ணாடியில் பூஞ்சை இருக்கிறதா என்று மட்டும் டார்ச் அடித்துப் பார்த்துவிடுங்கள். இவை எல்லாம் இரண்டு கிலோவைச் சுற்றி இருப்பவை. இரண்டு கிலோவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கண்மாய்க் கரையில் மூன்று மணி நேரம் நடக்க முடியாதவர்கள், 70 மி.மீ. துளையுள்ள ஒன்றரைக் கிலோ லென்ஸை வாங்கி, விட்டுப்போன ஒளியைக் காலை வெயிலில் ஈடு செய்துகொள்ளலாம். வீட்டில் கிடக்கும் பெரிய லென்ஸில் எந்தப் பறவையும் பதிவதில்லை. பெரிய ஊர்களில் லென்ஸ்கள் நாள் வாடகைக்குக் கிடைக்கின்றன. லட்சத்தைக் கொட்டுவதற்கு முன் ஒரு சனிக்கிழமை வாடகைக்கு எடுத்து, நீங்கள் வழக்கமாகப் போகும் குளத்துக்கே கொண்டுபோய், விடிந்ததிலிருந்து வெயில் ஏறும்வரை கையில் பிடித்துப் பாருங்கள். மாலையில் தோள்பட்டை என்ன சொல்கிறது என்று கேட்டுவிட்டு அப்புறம் கடைக்குப் போங்கள்.